வெள்ளிக்கிழமை எண்ணிய ஒன்பது பேர்

கொட்டாஞ்சேனை
4 மார்ச் 1937, வியாழன்

டொக்டர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களுக்கு,

பள்ளிக்கூட வாங்கில் ஒன்றாக இருந்தவனை ‘அவர்களுக்கு’ என்று எழுதுகிறேன். அப்படி எழுத வைத்தவன் நீ.

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் தங்கை பைறோஸாவின் மகனுக்குச் சுன்னத்துக் கல்யாணம். நாற்பது பேர் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மருதானையில் சவரக்கடை வைத்து, மூன்று தலைமுறையாக எங்கள் பிள்ளைகளுக்குச் சுன்னத்துச் செய்துவரும் மீரா சாஹிப் ஒஸ்தா உனக்கு எதிரே இருந்தார். அவர் காதுபட நீ சொன்னாய்: “இது காட்டுமிராண்டி வேலை மக்கீன். படிச்ச நீயுமா?” இனிப்புக்கு வைத்த வட்டிலப்பத்தைத் தொடாமல் எழுந்து போனாய். பைறோஸா அன்று அழுதாள். இது என் முறைப்பாடு. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

திங்கட்கிழமை உன் மருதானை இலவச கிளினிக்கின் வருடாந்த அறிக்கை எங்கள் பத்திரிகைக்கு வந்தது. கையொப்பம் உன்னுடையது. சென்ற வருடம், நீங்கள் சிபிலிஸ் என்கிற மேகநோய்க்கு உன்னிடம் வந்த ஆண்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர். இன வாரியாகப் பிரித்திருக்கிறாய். முஸ்லிம்கள், அதாவது சோனகரும் மலாயரும் சேர்ந்து எத்தனை? ஒன்பது!

பென்சிலை எடுத்து மூன்று தரம் கூட்டிப் பார்த்தேன் ஸ்ரீ. கொழும்பில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு ஒருவர் எங்கள் ஆள். கணக்குப்படி எண்பது பேராவது வந்திருக்க வேண்டும். வந்தது ஒன்பது. சுன்னத்துச் செய்தவனை அந்த நோய் அண்டுவதில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நீ காட்டுமிராண்டி வேலை என்றதை உன் சொந்த அறிக்கையே மருந்து என்கிறது.

இருபத்திரண்டு வருடமாகப் புதுக்கடை நீதிமன்றங்களில் நிருபராக இருந்து சாட்சிகளைக் கேட்டு எழுதுகிறவன் நான். இப்படியொரு சாட்சியைக் கண்டதில்லை. 21ஆம் திகதி ஞாயிறு இதழில் முழுப்பக்கம் எழுதுகிறேன். எண்களில் பிழை இருந்தால் மட்டும் எழுது.

ஏ. எல். எம். மக்கீன்


வெள்ளவத்தை
6 மார்ச் 1937

மக்கீன் அவர்களுக்கு,

எண்களில் பிழை இல்லை. எண்களைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறவனில்தான் பிழை.

பைறோஸா அழுதாள் என்று வாசித்ததும் என் மனைவி அருந்ததி என்னோடு கதைப்பதை விட்டுவிட்டாள். பைறோஸாவிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவளிடம் மட்டும். கருத்தை மாற்றவில்லை.

நீ எண் கேட்பவன், எண் தருகிறேன். நான்கு வருடத்தில் சுன்னத்துப் புண்ணோடு என் வார்டுக்கு வந்த பிள்ளைகள் பதினான்கு பேர். இரத்தம் நிற்காமல் ஆறு பேர், புண் அழுகி எட்டுப் பேர். அதில் இருவரைப் பிழைக்க வைக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். கொதிநீர் காணாத கத்தி. சாம்பல் வைத்துக் கட்டிய கட்டு. இதைச் செய்தவர்களை உன் வீட்டு விருந்தில் எனக்கு எதிரே உட்கார்த்தி வைக்கிறாய்.

ஒன்பது என்பதற்கு நூறு காரணம் இருக்கலாம். உங்கள் ஆட்கள் குடிப்பது குறைவு. இளவயதில் கட்டிவைத்துவிடுகிறீர்கள். இதையெல்லாம் ஒதுக்கிவிட்டுத் தோலொன்றையே காரணமாகப் பிடித்துக்கொண்டது ஏன்? அது உனக்கு இனிப்பதால்.

நீ அந்தப் பக்கத்தை எழுதினால், வாசிக்கிறவன் தனக்குக் காப்பு இருப்பதாக நினைத்துக்கொள்வான். துறைமுகத்துச் சந்துகளில் அந்த நினைப்போடு நடப்பான். நோய் வந்தாலும் வரவில்லை என்பான். இதற்கு யார் பொறுப்பு?

ஸ்ரீஸ்கந்தராசா


கொட்டாஞ்சேனை
9 மார்ச் 1937

டொக்டர்,

பதினான்கு! எத்தனையில் பதினான்கு?

உன் கடிதம் கிடைத்த கையோடு டிராமில் ஏறி மருதானைக்குப் போனேன். மீரா சாஹிப் ஒஸ்தா ஒருவருக்குத் தாடி திருத்திக்கொண்டிருந்தார். “வருஷத்துக்கு எத்தினை செய்வீங்க காக்கா?” என்று கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: “முன்னூறுக்குக் குறையாது மகன். பெருநாள் மாசத்தில கூடும். ஏன், அந்த வெள்ளவத்த டொக்டருக்குச் செய்யோணுமாமா?” கடை முழுக்கச் சிரிப்பு. தாடிக்காரருக்குக் கன்னம் வெட்டுப்படாதது அதிசயம்.

கொழும்பில் இவரைப்போல் எட்டு ஒஸ்தாமார் இருக்கிறார்கள். மற்றவர்களுக்கு அரைவாசிதான் வைத்தாலும் நான்கு வருடத்தில் ஐயாயிரத்துக்கு மேல். அதில் உன்னிடம் வந்தது பதினான்கு. மற்றப் பிள்ளைகள் ஏழாம் நாள் தெருவில் பட்டம் விட்டதை நீ காணவில்லை. குணமானவன் உன் வார்டுக்கு வரமாட்டான் ஸ்ரீ. வந்த பதினான்கை மட்டும் பார்த்துவிட்டு முழுச் சமூகத்துக்கும் தீர்ப்பு எழுதுகிறாய். இதை ஒரு புரொக்டர் கோட்டில் வாதமாக வைத்தால் நீதவான் சிரிப்பார்.

இப்போது சொல், எது எனக்கு இனிக்கிறது, எது உனக்குக் கசக்கிறது?

கட்டுரையை எழுதி முடித்துவிட்டேன். அச்சுக்கூடத்தில் கொடுத்தாயிற்று. எங்கள் அச்சுக்கோப்பாளர் ஜாபிர் எழுத்துக் கோத்துக்கொண்டே வாய்விட்டு வாசித்தான். வேலையாட்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

மக்கீன்


வெள்ளவத்தை
12 மார்ச் 1937, வெள்ளி, பின்னேரம்

மக்கீன்!

கிளினிக்கிலிருந்து வந்ததும் வராததுமாக எழுதுகிறேன். எழுத்துக் கோணலாயிருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் கசப்பானதை விழுங்கிவிடுகிறேன். நீ சொன்னது சரி. எத்தனையில் பதினான்கு என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. மூன்று நாளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை.

அதோடுதான் இன்று கிளினிக்குக்குப் போனேன். பதினொன்றரைக்குத் தொடங்கினோம். பன்னிரண்டு மணிக்குக் கை கழுவ யன்னலடிக்குப் போனேன். வெளியே தெரு ஒழுங்கை முழுக்கத் தொப்பிகள். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை, கிழவர், இளைஞர், தோளில் துண்டு போட்ட கடைக்காரர் எல்லாரும் ஒரே பக்கமாகப் போகிறார்கள். உள்ளே திரும்பி, நோயாளிகள் காத்திருக்கும் வாங்கைப் பார்த்தேன். பதினொரு பேர் இருந்தார்கள். ஒரு தொப்பியும் இல்லை.

மருந்து கலக்கும் வரதராசாவைக் கூப்பிட்டேன். அவனோடு நடந்த கதையை அப்படியே தருகிறேன்.

“இண்டைக்குச் சோனகர் எத்தினை பேர்?”

“ஒருத்தருமில்லை ஐயா. வெள்ளிக்கிழமையெல்லோ.”

“வெள்ளிக்கிழமையெண்டால் என்ன?”

“தொழுகை ஐயா. பாங்கு கேட்டதே, உங்களுக்குக் கேக்கேல்லையோ?”

“இது உனக்கு முதலே தெரியுமோ?”

“ஓம். ஆறு வருஷமாத் தெரியும். நீங்கள் கேக்கேல்லை.”

மக்கீன், என் கிளினிக் வாரத்தில் ஒருநாள்தான். வெள்ளி, பதினொன்றரை முதல் ஒன்றரை வரை. ஆஸ்பத்திரி வேலையில்லாத நேரம் அதுவென்று நானே வைத்தது. கொழும்பிலுள்ள முஸ்லிம் ஆண்கள் எல்லாரும் பள்ளிவாசலில் இருக்கிற இரண்டு மணித்தியாலத்தில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, முஸ்லிம்கள் வரவில்லை என்று எண்ணி அறிக்கை எழுதியிருக்கிறேன்!

உன்னையும் சும்மா விடமாட்டேன். கிளினிக் நேரம் அறிக்கையின் முதற் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. நீ வெள்ளி தவறாமல் ஜும்ஆவுக்குப் போகிறவன். மூன்று தரம் கூட்டிப் பார்த்தாயாம். முதற் பக்கத்தை ஒரு தரம் பார்த்தாயா?

குணமானவன் என் வார்டுக்கு வரமாட்டான் என்றாய். தொழுகிறவன் என் கிளினிக்குக்கு வரமாட்டான். ஒரே பிழை, ஆளுக்கொரு பக்கம். நான் வேறொரு நாளில் கதவைத் திறந்து எண்ணும்வரை, மூன்று கிழமை கட்டுரையை நிறுத்து.

ஸ்ரீ


கொட்டாஞ்சேனை
14 மார்ச் 1937, ஞாயிறு

ஸ்ரீ,

உன் கடிதத்தை வாசித்ததும் அறிக்கையை எடுத்து முதற் பக்கத்தைப் பார்த்தேன். இருக்கிறது. அதைப் பற்றி இப்போதைக்கு ஒன்றும் எழுதமாட்டேன்.

ஆனால் யன்னலால் பார்த்தது சாட்சி ஆகாது. வெள்ளிக்கிழமை தொழப் போனவன் எல்லாம் நோயாளி என்று நீ காட்டவில்லை. வர முடியாத நேரம் என்பதால் வராதவன், நோயில்லாததால் வராதவன், இருவரையும் அந்த யன்னல் பிரித்துச் சொல்லாது. மூன்று கிழமை தர மாட்டேன். எழுத்துக் கோத்தாயிற்று. ஆசிரியர் தலைப்பும் போட்டுவிட்டார். சந்தியில் என்னைக் காண்கிற ஆட்கள் கையைப் பிடித்துக் குலுக்குகிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை தருகிறேன். நாளை மறுநாள் பின்னேரம் கதவைத் திற. எண்ணு. எண்ணைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

இரண்டு நாளில் யாருக்கு எப்படி அறிவிப்பாய் என்பது உன் பாடு.

மக்கீன்


மருதானை, கிளினிக்கிலிருந்து
16 மார்ச் 1937, செவ்வாய்

மக்கீன்,

தபாலை நம்பவில்லை. வரதராசாவின் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவனை நிறுத்தி வைத்து வாசி.

எப்படி அறிவித்தேன் என்றா கேட்டாய்? நேற்றுக் காலை மீரா சாஹிப் ஒஸ்தாவின் கடைக்குப் போனேன். நான் அவமதித்த அதே மனிதரிடம். வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றேன். கண்ணாடியில் என்னைக் கண்டுவிட்டு, “வாங்க டொக்டர், காட்டுமிராண்டிட கதிர ஒண்டு சும்மாதான் ஈக்கிது” என்றார். உட்கார்ந்தேன். சவரம் செய்தார். தொண்டையில் கத்தி இருக்கும்போது மன்னிப்புக் கேட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும்.

விஷயத்தைச் சொன்னேன். உங்கள் ஆட்களுக்கும் அந்த நோய் வரும் என்று நினைக்கிறீரா என்று கேட்டேன். அவர் சத்தத்தைக் குறைத்துச் சொன்னார்: “சவரம் செய்றவனுக்குத் தெரியாத புண் ஊரில இல்ல. வெக்கத்தில நாட்டு மருந்து தேடிப் போறாங்க. நான் சொல்றேன், வருவாங்க.”

வந்தார்கள். இன்று நான்கு மணி முதல் ஆறு வரை முப்பத்தொரு பேர். அதில் உங்கள் ஆட்கள் ஆறு பேர். ஒரு வருடத்தில் ஒன்பது, ஒரு பின்னேரத்தில் ஆறு.

இனி எழுதுவதை மெதுவாக வாசி. அந்த ஆறு பேரில் ஒருவனுக்குச் சென்ற மாதம் புண் வந்து தானாக ஆறியிருக்கிறது. அந்த நோயின் வழக்கம் அது. வெளியே ஆறி உள்ளே ஓடும். சந்தேகம் வந்து என்னிடம் வர நினைத்திருக்கிறான். பிறகு வரவில்லை. ஏன் என்று கேட்டேன். “எங்களுக்கு அது வராதெண்டு படிச்ச ஆளே சென்னாரு டொக்டர். கணக்கோட சென்னாரு.”

அவன் மனைவிக்கு நான்கு மாதம். தாய்க்கும் தொற்றியிருந்தால் பிள்ளை தப்புவது கடினம். இப்போதே இருவருக்கும் கிழமைக்கு ஓர் ஊசி தொடங்கினால் வழி இருக்கிறது. உன் பக்கம் ஞாயிற்றுக்கிழமை வெளிவந்தால், ஆறியதுதான் உண்மை என்று அவன் வீட்டிலேயே இருந்துவிடுவான். அவனைப்போல் எத்தனை பேர்?

யார் என்று கேளாதே. சொல்லமாட்டேன்.

நிறுத்து மச்சான்.

ஸ்ரீ


கொட்டாஞ்சேனை
19 மார்ச் 1937

அன்புள்ள ஸ்ரீ,

நிறுத்திவிட்டேன்.

வரதராசாவோடேயே அச்சுக்கூடத்துக்குப் போனேன். கோத்த எழுத்து தட்டில் இருந்தது. முழுப்பக்கம், என் பெயர் மேலே. ஜாபிரைக் கூப்பிட்டு, “இதைக் கலைச்சுப் போடு, வராது” என்றேன். அவன் நகரவில்லை. எழுத்தின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

“ஏன் நானா?” என்றான். என்னை அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவான்.

“பிழை ஜாபிர். எண்ணின நேரமே பிழை. எங்கட ஆளுக்கும் வரும்.”

அப்போது வரதராசாவை அவன் பார்த்தான். வரதராசா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஜாபிரின் முகம் மாறியது. “டொக்டர் சென்னாரா?” என்றான். சொல்லவில்லை, யாரையும் சொல்லவில்லை என்றேன். அவன் எழுத்துப் பெட்டியடியில் குந்திவிட்டான். “நானா, நீங்க சென்ன கதைய நம்பித்தான் நான் இருந்த. ஒவ்வொரு எழுத்தா என்ட கையால கோத்தனே. நைனாவுக்கு என்னத்தச் சொல்ல?” மனைவி நளீபாவைத்தான் அவன் நைனா என்பான். அவர்களுடைய நிக்காஹ்வுக்குச் சாட்சிக் கையொப்பம் வைத்தவன் நான்.

ஆகவே நீ பெயர் சொல்லவில்லை, அவனே சொன்னான். அன்றே நளீபாவிடம் போனோம். நான் முற்றத்தில் நின்றேன். உள்ளே என்ன கதைத்தார்கள் என்று தெரியாது. அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் வருவார்கள்.

இப்போது முதற் பக்கத்தைப் பற்றி. நீ கேட்டாய், ஏன் பார்க்கவில்லையென்று. கல்லூரியில் குளிக்கும் தொட்டியடியில் என் சுன்னத்தைப் பார்த்துப் பட்டப்பெயர் சொல்லிப் பகிடி பண்ணினார்கள், நினைவிருக்கிறதா? நீ பண்ணவில்லை. ஆனால் ஒரு நாள் சிரித்தாய். அந்த ஒன்பதைக் கண்டதும் முப்பது வருடமாகக் கொடுக்காத மறுமொழி கையில் வந்துவிட்டதென்று துள்ளினேன். மறுமொழி கிடைத்தவன் முதற் பக்கத்துக்குத் திரும்பமாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் வேறு கட்டுரை வருகிறது. முதல் வரி: ‘இந்த நிருபர் ஒரு பிழை விட்டார்.’ இரண்டாவது வரியில் உன் செவ்வாய்க்கிழமை நேரம்.

மக்கீன்


வெள்ளவத்தை
2 ஜூன் 1937

அன்புள்ள மக்கீன்,

பன்னிரண்டு செவ்வாய் முடிந்தன. கணக்குத் தருகிறேன், முதற் பக்கத்திலிருந்து. வந்தவர்கள் இருநூற்று அறுபத்து நான்கு. உங்கள் ஆட்கள் முப்பத்தேழு. ஐந்தில் ஒன்று என்றால் ஐம்பத்து மூன்று வந்திருக்க வேண்டும். பதினாறு குறைகிறது.

பார், ஒன்பதுமில்லை, ஐம்பத்து மூன்றுமில்லை! உன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். சுன்னத்து ஓரளவு தடுக்கலாம். வெட்கத்தில் பதினாறு பேர் இன்னும் வராமலிருக்கலாம். குடி இல்லாதது காரணமாயிருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாது என்று எழுத இவ்வளவு உற்சாகம் வருமென்று நான் நினைத்ததே இல்லை. இதை வைத்தியர் சங்கத்தில் வாசிக்கப் போகிறேன். சண்டை நடக்கும். வா.

நீ தொட்டியடியைப் பற்றி எழுதியதால் நானும் ஒன்றைச் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், முகத்துவாரத்திலிருந்து ஒரு பிள்ளையைத் தூக்கி வந்தார்கள். சுன்னத்துப் புண்ணால் ஏற்பு வலி வந்து தாடை இறுகியிருந்தது. என் கையில்தான் போனான். நான்கு வருடக் கணக்கில் அவன் இல்லை, அதற்கு வெகு முந்தியவன். ஆனால் அந்தப் பதினான்கையும் எண்ண வைத்தவன் அவன்தான். பைறோஸாவின் மகனைப் பட்டுச் சட்டையில் பார்த்தபோது அவனைத்தான் கண்டேன்.

மீரா சாஹிப் இப்போது செவ்வாய்தோறும் கிளினிக்குக்கு வருகிறார். கத்தியைக் கொதிக்க வைக்கிறார், சாம்பலை விட்டுவிட்டார். அவர் கை வேகம் எனக்கு வராது. அதைச் சொன்னேன். “சவரத்தில தொடங்குங்க டொக்டர்” என்றார்.

அருந்ததி சொல்லச் சொன்னது: “ரெண்டு பேரும் நேரில கதைக்க வெக்கமெண்டால், தபால் முத்திரையையாவது ரெண்டு பக்கமும் மாறி மாறி வாங்குங்கோ.”

தாயும் தகப்பனும் ஓர் ஊசியும் தவறவிடவில்லை. இதற்கு மேல் எழுதமாட்டேன்.

ஸ்ரீ


கொட்டாஞ்சேனை
5 ஒக்டோபர் 1937, செவ்வாய்

என் ஸ்ரீ,

ஜாபிர் இப்போதுதான் அச்சுக்கூடத்துக்குள் ஓடி வந்தான். ஓடி வந்த வேகத்தில் ஒரு பத்தி எழுத்தைத் தட்டிக் கொட்டிவிட்டான். ஒருவரும் ஏசவில்லை. பிள்ளையின் இரண்டாவது இரத்தப் பரிசோதனையும் சுத்தம் என்று நீ சொன்னாயாம். “ரெண்டு தரமும் நானா! ரெண்டு தரமும்!” என்று கத்தினான். மெஷின்காரர் மெஷினை நிறுத்திவிட்டார். நாளைய பத்திரிகை அரை மணி பிந்தும். காரணம் கேட்டால் ஆசிரியரிடம் நானே சொல்வேன்.

இனி விஷயம். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் வருகிறது. முடி இறக்கி, அன்றே சுன்னத்தும் செய்ய வேண்டுமென்கிறான். என்னைத் தனியே கூட்டிப்போய்க் கேட்டான்: “நானா, இது பிள்ளைக்கு அந்த நோய் வராமத் தடுக்குமா?”

இருபத்திரண்டு வருடம் எழுதியவன், ஒரு நிமிடம் யோசித்துத்தான் மறுமொழி சொன்னேன். “எங்கட மார்க்கம் எண்டு செய், ஜாபிர். அதுக்கு ஒரு டொக்டர்ட சேட்டிபிக்கட்டும் தேவையில்ல. நோய்க்கு நான் கையெழுத்து வைக்கமாட்டேன்.”

அவன் சிரித்தான். பிறகு அவனாகவே சொன்னான், மீரா சாஹிப் காக்கா செய்யட்டும், டொக்டர் பக்கத்தில் நிற்கட்டும், கொதிதண்ணிப் பானை டொக்டருடைய பொறுப்பு என்று. நளீபாவும் அதைத்தான் கேட்கிறாள். முகத்துவாரத்துப் பிள்ளையை நினைத்துக்கொண்டு நீ தயங்குவாய். அந்தப் பிள்ளைக்காகவே வா. பைறோஸா வட்டிலப்பம் செய்கிறாள். இந்தத் தரம் நீ தின்று முடிக்கும்வரை வாசலில் நிற்பாளாம்.

நாற்பதாவது நாள் எட்டாம் திகதி, வெள்ளி. ஜும்ஆ முடிந்து இரண்டு மணிக்கு. நாட்களை இரண்டு தரம் எண்ணிப் பார்த்தேன், கலண்டரையும் பார்த்தேன். வெள்ளிக்கிழமையில் உனக்கு இப்போது வேலை இல்லைத்தானே.

மக்கீன்